நோன்பு மாதத்தில் எத்தனை மீன்?

கார்சித்தாஸ்
புனித வாரம், செவ்வாய்க்கிழமை மாலை

தலைநகரில் உட்கார்ந்து குழந்தைகளுக்குக் கணக்குப் புத்தகம் எழுதும் என் தங்கை மகள் சிரஞ்சீவி நெரெய்தாவுக்கு, கார்சித்தாஸ் நகராட்சியின் ஓய்வுபெற்ற செயலரும் உன் தாய்மாமனுமாகிய எவரிஸ்தோ ஃபர்ஃபான் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். மழை இன்னும் வரவில்லை, குளங்களெல்லாம் வற்றி முதலைகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன, மற்றபடி குறையில்லை. அங்கே உன் நலத்தையும், உன் மேலதிகாரியின் மனநிலையையும் அறிய ஆசை.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ நிம்மதியாகப் படிக்கலாம். நீ என்னை நம்பி அனுப்பிய 'காட்டு விலங்குகளோடு கணக்கு' அச்சு மாதிரிப் பிரதி அமோக வெற்றி. வகுப்பு முழுவதும் நூற்றுக்கு நூறு, ஒரே ஒரு பிள்ளையைத் தவிர. விடைத்தாள்கள் எல்லாவற்றிலும் மதிப்பெண் போட்டு, பழைய நகராட்சி முத்திரையையும் குத்தி (அதை நான் ஓய்வுபெறும்போது திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன், அவர்களும் கேட்க மறந்துவிட்டார்கள்) இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மேலதிகாரி என்ன சொன்னார்? "இந்த மிருகங்களுக்கு நடுவில் வளர்ற பிள்ளைங்க கையில கொடுத்துப் பாரு, ஈஸ்டர் முடிஞ்சதும் அச்சடிக்கலாமா வேணாமான்னு பேசுவோம்" என்றுதானே? பேசச் சொல். முத்திரையைப் பார்த்தபிறகு அவர் என்ன பேசுகிறார் என்று நானும் பார்க்கிறேன். உன் முதல் புத்தகம் அச்சாகாமல் போவதை இந்த எவரிஸ்தோ உயிரோடு இருந்து பார்க்கமாட்டான்.

வழியில் சில சில்லறைத் தொந்தரவுகள் வந்தன. அவற்றை நான் தனி ஆளாகச் சமாளித்த விதத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன், புகாராக எடுத்துக்கொள்ளாதே.

உன் பொட்டலம் பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் நேரே பள்ளிக்கூடம் போனேன். ஒமாய்ரா டீச்சர் நல்ல பெண்தான், ஆனால் எதையும் ஆற அமரச் செய்பவள். "குடுங்க ஐயா, நான் பிள்ளைங்கள உக்கார வெச்சு மெதுவா பாத்துக்கறேன், நெரெய்தா எங்கிட்டயும் போன்ல பேசினா" என்றாள். "டீச்சர், இது என் மருமகளோட எதிர்காலம், மெதுவாப் பாக்கற விஷயமில்ல, நானே நடத்தறேன்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். நாற்பது வருஷம் நகராட்சிக் கூட்டங்களை அடக்கியவனுக்கு மூன்றாம் வகுப்பு எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன்.

முதல் கணக்கு: ஒரு தாய் முதலை முப்பது முட்டை இட்டது, உடும்பு வந்து எட்டைத் தின்றுவிட்டது, மீதி எத்தனை? அழகான கணக்கு. படித்து முடித்துவிட்டு நிமிர்கிறேன், தெய்பெர் என்ற பையன் எழுந்து நிற்கிறான். அவன் நம் பஸ் டிரைவர் நெப்தாலியின் மகன், வாயை மூடவே தெரியாதவன். "ஐயா, உடும்பு வந்தப்ப அம்மா முதல எங்க போச்சு?" என்று கேட்கிறான். "அது கணக்கில் இல்லை, உட்கார்" என்றேன். "அம்மா முதல கூடு பக்கத்துலயே படுத்திருக்கும் ஐயா, உடும்பு கிட்டவே வராது, அப்ப முப்பதும் இருக்கும்ல" என்கிறான். பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் குழந்தை, "அம்மா முதலய யாராச்சும் சுட்டுட்டா? அப்ப உடும்பு எட்டோட நிக்காது, மறுநாளும் வரும், சைபர்தான்" என்கிறது. அதற்குள் வகுப்பு முப்பது கட்சி, சைபர் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, ரப்பர் பறக்க ஆரம்பித்துவிட்டது. நான் மேசையைத் தட்டி, முப்பது, இருபத்திரண்டு, சைபர் மூன்றும் சரி என்று தீர்ப்புச் சொன்னேன். அமைதி திரும்பியது.

இரண்டாவதில் எறும்புத்தின்னி. ஒரு நிமிஷத்துக்கு நூற்றைம்பது எறும்பு தின்றால், ஒரே புற்றில் பத்து நிமிஷத்துக்கு எத்தனை? பெருக்கத் தெரிந்தால் போதும். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குப் பெருக்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆர்வம். "ஒரு புத்துல பத்து நிமிஷமா? அவ்ளோ நேரம் எதுக்கு நிக்குது, அதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒரு குழந்தை கவலையோடு கேட்டது. கடிக்கிற எறும்புகள் மேலே வந்ததும் எறும்புத்தின்னி அடுத்த புற்றுக்கு நடையைக் கட்டிவிடுமாம். எனக்கும் அது தெரியும், நெரெய்தா, நானும் இந்த ஊர்க்காரன்தான், ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் எறும்புத்தின்னியும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா? எல்லாரும் நூற்றைம்பது என்று எழுதினார்கள். உன் விடைப்பட்டியலில் ஆயிரத்தைந்நூறு இருந்தது. உள்ளூர் நிலவரத்தை முன்னிட்டு ஒரு சைபரை அடித்துவிட்டேன்.

மூன்றாவது கணக்குக்கு வருகிறேன். இங்கேதான் நீ, கண்ணே, ஒரு சிறு தவறு செய்துவிட்டாய். காரகாஸில் ரமோன் என்றால் ஆயிரம் ரமோன், கார்மென் என்றால் பத்தாயிரம் கார்மென். இங்கே ஒரே ஒரு ரமோன், வலை பின்னுகிறவன், இன்னும் கல்யாணம் ஆகாதவன், பார்க்க லட்சணமாக இருப்பான். ஒரே ஒரு கார்மென், நெப்தாலியின் பெண்டாட்டி. நீ என்ன எழுதியிருக்கிறாய்? "ரமோன் ஆற்றில் பதினைந்து ஆமைகளைப் பிடித்தான். ஆறு ஆமைகளைக் கார்மெனுக்குக் கொடுத்தான். அவனிடம் மீதி எத்தனை?" நோன்பு மாதத்தில், புனித வாரத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஆமைக்கு ஊரே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலையும்போது, ஒரு ஆண்பிள்ளை ஒரு பெண்ணுக்கு ஆறு ஆமை கொடுக்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெய்பெர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, ரமோன் சித்தப்பா எதுக்கு எங்கம்மாவுக்கு ஆமை குடுத்தாரு?" என்று கேட்டான். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு அவன் வீட்டுக்குப் போனான். அரை மணி கழித்து நெப்தாலி என் வாசலில் நிற்கிறான், பஸ்ஸை நடுத்தெருவில் விட்டுவிட்டு. "செயலரே, ஊருக்கெல்லாம் தெரிஞ்சு அச்சடிச்சு வந்திருக்கு, எனக்கு மட்டும் தெரியாதா?" என்கிறான். இது கதை, கணக்குக்காக எழுதியது என்கிறேன். "கதைன்னா அப்புறம் ஏன் என் பொண்டாட்டி பேரு?" என்கிறான். அவனுக்குப் பின்னாலேயே ரமோன் வந்துவிட்டான். "யார்யா நான் பதினஞ்சு ஆமை புடிச்சேன்னது? ஆமை புடிக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கான், காவல் சாவடில கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நான் புடிச்சது ஒம்போதுதான்!" என்று நெப்தாலியின் முன்னாலேயே கத்துகிறான். கடைசியாகக் கார்மென் வந்தாள், கையெல்லாம் மாவு. அவளாவது கொஞ்சம் நியாயம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஆறு ஆமைன்னு போட்டிருக்கு, எனக்கு ஒண்ணுகூட வரலயே, யார் வீட்டுக்குப் போச்சு அது?" என்று ரமோனைக் கேட்டாள். அப்புறம் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. ரமோன் இப்போது ஆற்றுக்கு அக்கரையில் தன் அக்கா வீட்டில் இருக்கிறான், நெப்தாலி நம் வீட்டுத் தபால் எதையும் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று மாதா சத்தியமாகச் சொல்லிவிட்டான்.

இருந்தாலும் மதியம் நான் வகுப்புக்குத் திரும்பிப் போனேன். உன் மாமன் பாதியில் விடுகிறவன் இல்லை.

நாலாவது கணக்குதான் முக்கியம், கவனமாகப் படி. ஒரு குளத்தில் இருபது பாயரா மீன், பன்னிரண்டு கப்பிபாரா, எட்டு ஆமை, ஐந்து முதலை. மொத்தம் எத்தனை மீன்? நான் முந்தின இரவே போட்டுப் பார்த்திருந்தேன், நாற்பது. ஆனால் உன் விடைப்பட்டியலில் இருபது என்று அச்சாகியிருந்தது. அச்சுக்கூடத்துப் பயல்களின் அலட்சியம் என்று நினைத்து, பேனாவால் அடித்து நாற்பது என்று திருத்தி, பக்கத்தில் என் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நோன்பு வெள்ளிக்கிழமையில் இறைச்சி ஆகாது, மீன்தான் ஆகும். பெருச்சாளி முகமும் பன்றி உடம்புமாக இருந்தாலும் எந்நேரமும் தண்ணீரிலேயே கிடக்கிற கப்பிபாராவை நாம் வெள்ளிக்கிழமைதோறும் காயவைத்து, நாராகப் பிய்த்து, வெங்காயம் போட்டு வதக்கிச் சாப்பிடுகிறோம். ஆகவே கப்பிபாரா மீன். ஆமையும் அப்படியே. முதலையை யாரும் நோன்பில் தொடுவதில்லை, ஆகவே முதலை மீன் இல்லை. இதில் எங்கே குழப்பம்?

பிள்ளைகளுக்கும் குழப்பமில்லை. எல்லாரும் நாற்பது. தெய்பெர் மட்டும் கையைத் தூக்கி, "எந்த மாசம் ஐயா?" என்றான். ஏன் என்றேன். "நோன்புன்னா நாப்பது, மத்த மாசம்னா இருவது" என்றான். அந்த வாய்க்காரப் பயலுக்குள் இப்படி ஒரு மூளையா என்று எனக்கே ஆச்சரியம், தலையைத் தடவிக் கொடுத்தேன். ஒரே ஒரு குழந்தை, யோர்ஹெலிஸ் என்ற பெண், மட்டும் இருபது என்று எழுதியிருந்தாள். அவள் வீட்டார் வேறு சபைக்காரர்கள், அவர்களுக்கு நோன்பு கிடையாது, அதனால் அவர்கள் வீட்டில் கப்பிபாரா வருஷம் முழுக்க மிருகம்தான். "எங்க வீட்டுல நோன்பு இல்லீங்க ஐயா" என்றாள். "உன் வீட்டில் இல்லை, கணக்கில் உண்டு" என்று சொல்லிச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். அவள் அழவில்லை, தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பின்னால் நின்றிருந்த ஒமாய்ரா டீச்சர் வாயைத் திறந்தாள். "ஐயா, அதுக்கு நாலு காலு இருக்கு, உடம்பெல்லாம் மயிரு, குட்டிக்குப் பால் குடுக்குது. அது எப்படி மீனாகும்?" என்றாள், பிள்ளைகள் முன்னால். "போன வெள்ளிக்கிழமை உங்க தட்டுல என்ன இருந்தது டீச்சர்?" என்றேன். "அது வேற" என்றாள். "எப்படி வேற?" என்றேன். அவள் முகம் சிவந்து, "அது சாப்பாடு" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், ஆனால் மயிர், பால் என்ற இரண்டு சொல்லும் பிள்ளைகள் காதில் விழுந்துவிட்டன. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஊரில் பாதி வீட்டில் குழந்தைகள் தட்டைத் தள்ளிவிட்டு, இது பால் குடுக்கற மிருகம், வெள்ளிக்கிழமை தின்னா பாவம் என்று உட்கார்ந்துகொண்டன.

ஞாயிற்றுக்கிழமை குருத்தோலை பூசைக்குப் பாதிரியார் பெனிக்னோ வந்தபோது, கோயில் வாசலிலேயே தாய்மார்கள் அவரை மடக்கிவிட்டார்கள். "சாமி, சொல்லுங்க, அது மீனா இல்லியா? நாங்க தலைமுறை தலைமுறையா நரகத்துக்கா சமைச்சோம்?" என்று ஒருத்தி கேட்டாள். பாவம், மனிதர் வேர்த்துப்போனார். டீச்சரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "பள்ளிக்கூடத்துல அது மிருகம். வெள்ளிக்கிழமை மேசையில மீன். ரெண்டு எடத்துலயும் அதப் பத்தி ரொம்பப் பேசாதீங்க." எல்லாரும் முட்டிபோட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு கலைந்துபோனார்கள். நான் அதை எனக்குச் சாதகமான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் சோதனை நடந்தது வெள்ளிக்கிழமை.

ஆகவே, கண்ணே, எல்லாம் கைக்குள். நீ செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். ஒன்று, மூன்றாவது கணக்கில் ரமோனையும் கார்மெனையும் எடுத்துவிட்டு இந்த ஊரில் இல்லாத பெயராகப் போடு. இன்னொன்று, நாலாவது கணக்கின் விடையை நாற்பது என்றே அச்சிடு, எதிர்த்துக் கேட்பவர்களை என்னிடம் அனுப்பு. மேலதிகாரி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்காதே, நிமிர்ந்து நின்று மதிப்பெண்ணைக் காட்டு. அவசரப்பட்டு நீ இங்கே புறப்பட்டு வரவும் வேண்டாம், வந்தால் டீச்சர் உன் மனதைக் கலைப்பாள். நெப்தாலி பஸ்ஸில் ஏற்றாவிட்டால் போகிறான், பாதிரியாரின் ஜீப் நாளைக் காலை சான் ஃபெர்னாந்தோ பக்கம் போகிறது, அதில் இந்த உறையைக் கொடுத்துவிடுகிறேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் நன்றி சொல்லும்போது என் பெயரை முழுசாகப் போட வேண்டும் என்று உன் அத்தை விரும்புகிறாள்.

கன்னி மாதா உன்னைக் காக்கட்டும், உன் பேனாவில் மை வற்றாமல் இருக்கட்டும், உன் மேலதிகாரிக்கு நல்ல புத்தி வரட்டும். அத்தை உனக்காக ஒரு புட்டி பப்பாளி இனிப்பு செய்து வைத்திருக்கிறாள், அதை நெப்தாலி சமாதானமான பிறகு அனுப்புகிறோம்.

இப்படிக்கு, உன் காரியத்தைக் கச்சிதமாக முடித்துக் கொடுத்த மாமன்,
எவரிஸ்தோ ஃபர்ஃபான்
(முத்திரை)

பின்குறிப்பு, புதன்கிழமை காலை: ஒட்டிய உறையைக் காப்பிக் கெட்டிலின் ஆவியில் காட்டிப் பிரித்துவிட்டு இதை எழுதுகிறேன். உள்ளே இருந்த விடைத்தாள்களை எடுத்துவிட்டேன், தேடாதே.

டீச்சர் வந்திருந்தாள். நான் பெருமையாக உறையைக் காட்டி, மதிப்பெண்களைச் சொன்னேன். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மார்க்கு யாரு ஐயா கேட்டா? நெரெய்தா போன்ல என்ன சொன்னா தெரியுமா? விடை சரியா தப்பான்னு பாக்கவே வேணாம், கணக்கப் படிக்கறப்ப பிள்ளைங்க என்னென்ன கேக்கறாங்களோ அத மட்டும் ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க, புத்தகத்துக்கு அதுதான் உயிருன்னு சொன்னா. அதத்தான் நான் மெதுவாப் பாத்துக்கறேன்னேன், நீங்க எங்க விட்டீங்க?" என்றாள். பிள்ளைகள் கேட்டதையெல்லாம் உட்கார், பேசாதே என்று அடக்கியவன் நான்தான். எங்கேயும் குறித்து வைக்கவில்லை, இந்தக் கடிதத்தில் உன்னிடம் புலம்பியதைத் தவிர.

ஆகவே மேலே எழுதியதில் வெற்றி என்று நான் சொன்ன இடங்களை விட்டுவிட்டு, தொந்தரவு என்று சொன்ன இடங்களை மட்டும் மேலதிகாரியிடம் காட்டு. இன்னும் ஒன்றும் சொல்லிவிடுகிறேன், உன் புத்தகத்தில் இருபது கணக்கு, நாலுக்கு மேல் நாங்கள் போகவே இல்லை. மீதிப் பதினாறுக்கு நானே உத்தேசமாக மதிப்பெண் போட்டேன். உன் அம்மா போனபிறகு நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை, நெரெய்தா. முதல் தடவையாக ஒன்று கேட்டாய், அது கெட்டுப்போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். நீ புறப்பட்டு வா. முடிந்தால் இது கிடைத்த அன்றைக்கே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே யோர்ஹெலிஸ் வந்து வாசலில் நிற்கிறாள். மற்ற பிள்ளைகளெல்லாம் விடுமுறைக்கு ஆற்றங்கரையில் கிடக்க, இவள் டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய், அந்தப் பதினாறு கணக்கையும் மாவுப் பையைக் கிழித்து அதன் மேல் போட்டு முடித்திருக்கிறாள். அவள் தாளை வாங்கிச் சிவப்புப் பெருக்கல் குறியை அடித்துவிட்டு, "உன் இருபது சரிதான் அம்மா, நான்தான் தப்பு" என்றேன். "தெரியும் ஐயா" என்றாள். அதற்காக வரவில்லையாம். பதினாறும் தீர்ந்துவிட்டது, இன்னும் வேண்டுமாம், புத்தகம் எப்போது வரும் என்று கேட்க வந்தாளாம். யோசிக்காமல், "ஈஸ்டர் கழிச்சு வந்துடும்" என்று சொல்லிவிட்டேன்.

எந்த வருஷத்து ஈஸ்டர் என்று கேட்கிறாள்.